நரம்பற்ற யாழ்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடிப் புறப்படும் குடும்பம் தன்னுடன் எதை எடுத்துச் செல்கிறது? வெண்கலப் பானையை எடுத்துச் செல்கிறது. சாமி படத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்கிறது. ஊறுகாய் ஜாடியின் வாயை வேடு கட்டி எடுத்துச் செல்கிறது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியேறிய நம் குடும்பங்களில் இவை இல்லாத வீடு அரிது. இவையெல்லாம் பார்சல் அலுவலகத்தில் நிறுத்து, சீட்டு எழுதக்கூடிய பொருள்கள். நிறுக்க முடியாத சிலவும் அவற்றோடு கூடவே வருகின்றன. தாயின் கைப்பழக்கம், பாட்டியின் பாட்டு, தாத்தாவின் தொழில் நுணுக்கம் ஆகிய இவற்றுக்குச் சுமைக்கூலி கிடையாது. ஆயினும் வழியில் தொலைந்து போகும் பொருள்களில் இவையே முதலாவன.

அப்படிப்பட்ட ஒரு பொருளைக் கடல் கடந்து கொண்டு சென்ற ஒரு பாட்டியையும், அதனைத் தொலையவிடாமல் காத்துத் தம் மக்களிடம் ஒப்புவித்த ஒரு தாயையும் இம்மாதம் நம் வாசகர்க்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். இருவரும் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவிற்குக் குடியேறியவர்கள். பாட்டியின் பெயர் ஃபானி ஷோன்பெர்க். அவருடைய மகள் மின்னா. ஆங்கிலத் திரைப்படங்களில் பற்றுடையோர் 'மார்க்ஸ் சகோதரர்கள்' என்னும் நகைச்சுவை நடிகர்களை அறிந்திருப்பர். சிக்கோ, ஹார்போ, க்ரௌச்சோ, கம்மோ, ஜெப்போ என்னும் அவ்வைவரும் மின்னா பெற்ற மக்களே. பொதுவுடைமைத் தத்துவம் கண்ட கார்ல் மார்க்ஸுக்கும் இவர்களுக்கும் உறவு எதுவும் இல்லை. பெயர் ஒற்றுமை மட்டுமே. மக்களின் புகழை உலகம் பேசிற்று. அப்புகழுக்கு வித்திட்ட இரு பெண்மணிகளையும் குடியேறிய குடும்பத்தினராகிய நாம் நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

வடகடலோரச் சிற்றூர்

ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், வடகடலை ஒட்டிக் கிழக்கு ஃப்ரீஸியா என்றொரு நிலப்பகுதி உண்டு. தாழ்ந்த சமநிலம், கண்ணுக்கெட்டிய மட்டும் மேய்ச்சற் புல்வெளி, கடல் உட்புகாமல் தடுக்கும் நெடுங்கரைகள். அப்பகுதியிலுள்ள டோர்னும் என்னும் சிற்றூரில் யூத சமயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சில வாழ்ந்து வந்தன. அவர்கள் வழிபடுவதற்கென 1841ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஜெபக்கூடம் ஒன்றும் அவ்வூரில் இருந்தது. அக்குடும்பங்களுள் ஒன்றில் 1864ஆம் ஆண்டு மின்னா பிறந்தார்.

தந்தையார் லெவி ஷோன்பெர்க் செப்படி வித்தைக்காரர். உதடு அசையாமற் குரலெழுப்பி, பொம்மையே பேசுவதுபோல் மயங்கச் செய்யும் கலையிலும் தேர்ந்தவர். தாயார் ஃபானி 'ஹார்ப்' என்னும் நரம்புக் கருவியை இசைப்பவர். நம் பழந்தமிழ் நூல்களில் பேசப்படும் யாழுக்கு நெருங்கிய உறவுடைய கருவி அது; ஆதலின் அதனை யாழ் என்றே இங்குக் குறிப்போம். கணவனும் மனைவியும் ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டி வாழ்ந்தனர். கணவர் வித்தையை முடித்ததும், கூடியிருந்தோர் நடனமாட மனைவி யாழ் இசைப்பாராம். நம் நாட்டுக் கூத்தாடிகளையும் பாவைக்கூத்துக் கலைஞர்களையும் போன்ற வாழ்க்கை என்று கொள்ளலாம். கலை கையில் இருந்தது. காசு கையில் நில்லவில்லை.

1880ஆம் ஆண்டை ஒட்டி இக்குடும்பம் அமெரிக்காவிற்குக் கப்பலேறிற்று. அந்தப் பத்தாண்டில் மட்டும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட ஜெர்மானியர் அவ்வாறு சென்றனர். நிலமில்லாதோர் நிலத்தை நாடியும், தொழிலில்லாதோர் தொழிலை நாடியும் சென்ற பெருங்கூட்டத்தில் ஒரு வித்தைக்காரரும், ஒரு யாழிசைப் பெண்மணியும், அவர்கள் மக்களும் இருந்தனர்.

மொழி அடைத்த வாய்

நியூயார்க் நகரில் அவர்களை முதலில் எதிர்கொண்டது மொழி. பொம்மையைப் பேச வைப்பவர் எந்த மொழியில் பேச வைப்பது? லெவி அறிந்தது ஜெர்மன் ஒன்றே. ஜெர்மன் பேசும் பொம்மையை விரும்பி அழைக்கும் அரங்கு அவர்க்கு வாய்க்கவில்லை. ஊரெல்லாம் கைதட்டிய கலைஞர், முதிய வயதில் குடை பழுதுபார்க்கும் தொழிலில் இறங்கினார். அதிலும் வருவாய் அற்பமே. ஃபானியின் யாழ் வீட்டு மூலையில் சாத்தப்பட்டது. நாளடைவில் நரம்புகள் போயின. பூசியிருந்த தங்கமுலாம் உதிர்ந்தது. மரச்சட்டம் மட்டும் எஞ்சிற்று.

நம் குடியிருப்புகளில் இத்தகைய முதியோரை நாம் கண்டதில்லையா? ஊரில் நாதஸ்வரம் வாசித்தவர் இங்கே வந்து மகனுடைய இரண்டு அறை வீட்டில் சன்னலோரம் அமர்ந்து தெருவைப் பார்த்துக் கொண்டிருப்பார். காய்கறிக்காரனிடம் விலை கேட்கவும் பேரன் துணை வேண்டும். அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்போர் இலர்.

இளம்பெண் மின்னா வைக்கோல் தொப்பி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சென்றார். அல்சேஸ் பகுதியிலிருந்து வந்த சைமன் மார்க்ஸ் என்பவரை மணந்தார். தலைப்பிள்ளை மான்ஃபிரட் கைக்குழந்தையாகவே இறந்து போயிற்று. பின்னர் 1887 முதல் 1901 வரையில் ஆண்மக்கள் ஐவர் பிறந்தனர்.

கணவர் சைமன் முதலில் நடன ஆசிரியர், பின்னர்த் தையற்காரர். ஆனால் அளவு நாடாவைத் தொடமாட்டார். கண்ணாற் பார்த்தே அளவெடுப்பது அவர் வழக்கம். அவர் தைத்த சட்டை யாருக்கும் பொருந்துவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. எனினும் அவரிடம் ஓர் அருங்கலை இருந்தது. அவர் சமையலில் வல்லவர். இருப்பதைக் கொண்டு விருந்து படைப்பார். பிற்காலத்தில் நாடக முகவர்களை வீட்டிற்கு அழைத்து, கணவர் கைச் சமையலால் அவர்களை மகிழ்வித்து, அந்த மகிழ்ச்சி தணியுமுன் மக்களுக்கு ஒப்பந்தம் வாங்கிவிடுவது மின்னாவின் தந்திரமாயிற்று.

பத்துப் பேர் வாழ்ந்த வீடு

நியூயார்க்கின் கிழக்குத் 93ஆம் தெருவில், ஏழைக் குடியேறிகள் நிறைந்த பகுதியில், ஒரு சிறு வாடகைப் பகுதியில் இக்குடும்பம் வாழ்ந்தது. தாய் தந்தையர், மக்கள் ஐவர், பாட்டன் பாட்டி, மின்னாவின் சகோதரி, உறவுப் பெண் என ஏறக்குறையப் பத்துப் பேர் ஒரு கூரையின்கீழ் இருந்தனர். அமெரிக்காவில் கூட்டுக் குடும்பம் உண்டோ என்று வியப்போர் இதனை அறிக. வறுமை எங்குண்டோ அங்கே கூட்டுக் குடும்பமும் உண்டு. வீட்டில் ஜெர்மன், தெருவில் ஆங்கிலம். வாடகை வாங்க வருபவர் கதவைத் தட்டினால் வீடே மூச்சடக்கி, ஆளில்லாதது போல் இருக்கும். இதைப் பின்னாளில் மக்கள் சிரித்துக் கொண்டே எழுதினர். அன்று அது சிரிப்புக்குரியதாய் இருந்திராது.

பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க வேண்டும் என்று மின்னா பழைய பியானோ ஒன்றைத் தவணையில் வாங்கினார். ஆசிரியருக்குக் கொடுக்க ஒருவருக்கான பணமே இருந்தது. ஆகவே மூத்தவர் சிக்கோ கற்று, அடுத்தவர் ஹார்போவுக்குச் சொல்லித் தருவதென ஏற்பாடு. வந்த ஆசிரியைக்கோ வலக்கை வாசிப்பு மட்டுமே சரியாகத் தெரியுமாம். குறையுள்ள கல்விதான், ஆயினும் சோற்றுக்கும் வாடகைக்கும் இடையே இசைக்கும் பங்கு ஒதுக்கிய தாய் அவர்.

பாட்டி ஃபானி 1901ஆம் ஆண்டு காலமானார். புதிய நாட்டில் அவர் வாழ்ந்தது இருபதாண்டு. அங்கே எந்த மேடையும் அவரை அழைக்கவில்லை. அவருடைய யாழ் மட்டும் மூலையில் நின்றது. அதனைத் தடவிப் பார்த்து வளர்ந்த பேரன் ஹார்போவின் உள்ளத்தில், என்றேனும் ஒருநாள் அதனை இசைக்க வேண்டுமென்ற ஆசை வேரூன்றிற்று.

தம்பி காட்டிய வழி

மின்னாவின் தம்பி ஒருவர் டோர்னுமில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்கா வந்தவர். காற்சட்டைகளுக்கு இஸ்திரி போடும் வேலையில் தொடங்கி, ஆல் ஷீன் என்னும் பெயருடன் நகைச்சுவை மேடையேறிப் பெயர் பெற்றார். அக்காலத்தில் அமெரிக்காவில் 'வாடவில்' என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சி மிகுந்த செல்வாக்குடையது. பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை யாவும் ஒரே இரவில் அடுத்தடுத்து நிகழும். அரசு வேலையும் வாணிகமும் எட்டாத புதுக்குடிமக்களுக்கு அம்மேடை திறந்திருந்தது.

மாமன் நல்ல உடையணிந்து வீட்டிற்கு வருவார். மருமக்களுக்குக் காசு கொடுப்பார். தெருப் பிள்ளைகளுக்கும் காசு வீசுவார். அக்காட்சி மின்னாவின் மனத்தில் ஒரு தீர்மானத்தை எழுப்பிற்று. பெற்றோரின் கலை குடையோடும் மூலையோடும் முடிந்துவிடலாகாது; தம்பி கண்ட வழியைத் தம் மக்களும் காண வேண்டும். அவர்களை மேடையேற்றும் பொறுப்பைத் தாமே மேற்கொண்டார்.

1907ஆம் ஆண்டில் 'மூன்று நைட்டிங்கேல்கள்' என்ற பாட்டுக் குழு பிறந்தது. 1908இல் ஹார்போவையும் இழுத்துச் சேர்க்கவே அது 'நான்கு நைட்டிங்கேல்கள்' ஆயிற்று. பின்னர் மின்னாவும் அவர் சகோதரியும் தாங்களே மேடையேறி, 'ஆறு மாஸ்கட்டுகள்' என்று பெயர் மாற்றினர். நாற்பது வயதைக் கடந்த, உடல் கனத்த இரு பெண்மணிகள் இளம்பெண்களைப் போல் வேடமிட்டு ஆடினர் என்றால், அந்தத் தாயின் துணிவை என்னென்பது! மேலாளர் பணிக்காக 'மின்னி பாமர்' என்னும் பெயரையும் சூடிக் கொண்டார்.

அரைச் சீட்டும் அடமான வீடும்

இரயில்வே ஊழியராகிய நம்மைச் சற்றுச் சங்கடப்படுத்தும் கதை ஒன்றும் உண்டு. ஊர் ஊராகச் செல்லும் குழுவுக்கு இரயில் கட்டணமே பெருஞ்செலவு. ஆகவே மின்னா வளர்ந்த மக்களைச் சிறுவர் என்று சொல்லி அரைச் சீட்டு வாங்குவாராம். ஒருமுறை பரிசோதகர் வந்து, உங்கள் சிறுவர்களில் ஒருவர் சுருட்டுப் பிடிக்கிறார், இன்னொருவர் முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார் என்று முறையிட்டாராம். பிள்ளைகள் எவ்வளவு விரைவில் வளர்ந்து விடுகிறார்கள் என்று அந்தத் தாய் பெருமூச்சு விட்டாராம். மக்கள் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதை இது. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் அமர்ந்திருக்கும் நாம் இச்செயலைப் புகழ முடியாது. ஆயினும் அத்தாயின் முகத்தை நமக்குக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த கதை வேறில்லை.

1910ஆம் ஆண்டை ஒட்டிக் குடும்பம் சிக்காகோ நகருக்கு இடம் பெயர்ந்தது. நாட்டின் நடுவே இருப்பதால் நாற்புறமும் இரயிலேறச் செல்வது அங்கிருந்து எளிது. அடமானத்தின் பேரில் ஒரு வீடு வாங்கினார்கள். கடன் கொடுத்தவர் பெயர் க்ரீன்பாம். மக்கள் மேடையில் வேலையை மறந்து குறும்பு செய்யத் தொடங்கினால், திரைமறைவில் நிற்கும் தாய் "க்ரீன்பாம்!" என்று மெல்லச் சொல்வாராம். அந்த ஒரு சொல் போதும். மக்கள் ஒழுங்குக்கு வந்துவிடுவர். வீட்டுக் கடன் தவணையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குவோர்க்கு இச்சொல்லின் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

பாட்டுக் குழு நகைச்சுவைக் குழுவாக மாறியதும் எதிர்பாராமல் நேர்ந்ததே. டெக்ஸாஸ் மாநிலத்து நாகடோசஸ் என்னும் ஊரில் இவர்கள் பாடிக் கொண்டிருந்தபோது, வெளியே கோவேறு கழுதை ஒன்று கட்டவிழ்த்து ஓடிற்றாம். கூட்டம் பாட்டை விட்டுக் கழுதையைப் பார்க்கப் போயிற்று. திரும்பி வந்தவர்களைச் சகோதரர்கள் சினத்தால் கேலி செய்யத் தொடங்கினர். மக்களோ கோபியாமல் வயிறு குலுங்கச் சிரித்தனர். அன்று முதல் பாட்டுக் குறைந்து நகை மிகுந்தது.

யாழ் மீண்டும் ஒலித்தது

இக்காலத்தில்தான் மின்னா தம் தாயின் பொருட்டும் மகன் பொருட்டும் ஒரு செயல் செய்தார். பழைய யாழ் ஒன்றைத் தேடிப் பிடித்து, சுற்றுப்பயணத்தில் இருந்த ஹார்போவுக்கு அனுப்பி வைத்தார். ஹார்போவுக்கு ஆசிரியர் இல்லை. இசைக் குறிப்புப் படிக்கவும் தெரியாது. நரம்புகளைத் தம் செவிக்குப் பட்டபடியே முறுக்கினார். எந்தத் தோளில் சாய்த்துப் பிடிப்பது என்பதும் தெரியவில்லை. ஒரு கடையில் யாழ் இசைக்கும் தேவதையின் படத்தைக் கண்டு, அது பிடித்திருந்த தோளில் தாமும் பிடித்தார். பிற்காலத்தில் தேர்ந்த ஆசிரியர்களிடம் சென்றபோது, அவர்கள் இவருடைய புதுமுறையைக் காணவே விரும்பினர் என்று அவரே 1961இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அடால்ஃப் என்று பிறந்து, பின் ஆர்தர் என்று பெயர் மாற்றிக் கொண்ட அவருக்கு, 1914இல் ஒரு நண்பர் இட்ட 'ஹார்போ' என்னும் விளையாட்டுப் பெயரே நிலைத்தது. 'ஹார்ப்' வாசிப்பவர் என்பது அதன் பொருள். பாட்டியின் கருவி பேரனுக்குப் பெயராயிற்று.

மற்றொன்றும் நிகழ்ந்தது. மாமன் ஆல் ஷீன் எழுதிக் கொடுத்த நாடகமொன்றில் ஹார்போவுக்குப் பேச்சு மிகக் குறைவாக அமைந்தது. பின்னர் அதனையும் விட்டு, மேடையில் வாய் திறவாத ஊமை வேடத்தையே அவர் தமதாக்கிக் கொண்டார். படங்களில் அவர் சீழ்க்கை அடிப்பார், ஊதுகுழலை அழுத்துவார், யாழ் மீட்டுவார், பேசமாட்டார். இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். மொழி தெரியாமையால் பாட்டனாரின் வாயும் பொம்மையின் வாயும் ஒருங்கே அடைபட்டன. அவருடைய பேரனோ பேசாமலே எல்லா மொழியினரையும் சிரிக்க வைத்தார். குடும்பத்தின் குறையே அடுத்த தலைமுறையில் அதன் வலிமையாக மலர்ந்தது.

தாய்மொழி குற்றமான காலம்

க்ரௌச்சோ தொடக்க நாளில் ஜெர்மன் வாடையோடு ஆங்கிலம் பேசும் வேடம் பூண்டு வந்தார். வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சாதலின் அவருக்கு அது எளிது. 1915ஆம் ஆண்டு மே மாதம் 'லூசிடேனியா' என்னும் பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் ஜெர்மன் பேச்சை மேடையில் கேட்கவும் மக்கள் பொறுக்கவில்லை. க்ரௌச்சோ அவ்வேடத்தைக் கைவிட்டார்.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியது. ஜெர்மன் மொழிக்கு எதிர்ப்பு மூண்டது. 1918ஆம் ஆண்டு மே மாதம் ஐயோவா மாநில ஆளுநர் ஹார்டிங் ஓர் ஆணை பிறப்பித்தார். பொது இடங்களிலும், இரயில் வண்டிகளிலும், தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசலாகாது என்பது அதன் சாரம். இரயிலில் தன் பேரனிடம் தன் மொழியில் பேச ஒரு பாட்டிக்கு உரிமை இல்லாத நாளும் உலகில் இருந்தது என்பதை இரயில்வேக்காரராகிய நாம் வியப்போடு குறித்துக் கொள்கிறோம். நெப்ராஸ்கா மாநிலம் சிறுவருக்கு அயல்மொழி கற்பிப்பதையே 1919இல் தடை செய்தது. சிறுவன் ஒருவனுக்கு ஜெர்மன் கற்பித்த ஆசிரியர் மெயர் என்பவர் தண்டிக்கப்பட்டார். அவ்வழக்கில் அச்சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருமுன் எத்தனையோ வீடுகளில் தாய்மொழி அடுக்களைக்குள் ஒடுங்கிவிட்டது. மின்னாவின் பேரர்கள் ஆங்கிலம் பேசியே வளர்ந்தனர்.

மின்னா அக்காலத்திலும் சோர்ந்தாரல்லர். உழவருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டு, சிக்காகோவை அடுத்த லா க்ரேஞ்சில் ஒரு பண்ணை வாங்கி மக்களைக் கோழி வளர்க்க விட்டார். அவர்கள் முட்டையிடும் கோழியை மேடையிலும் கண்டவர்களல்லர். பண்ணை பாழாயிற்று. கம்மோ படையிற் சேர்ந்தார். அவர் இடத்தைக் கடைக்குட்டி ஜெப்போ நிரப்பினார்.

கட்டுப்போட்ட காலோடு கண்ட வெற்றி

1924ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் நியூயார்க் பிராட்வே அரங்கில் மக்களின் நாடகம் முதன்முதலாக அரங்கேறிற்று. அந்நாளுக்கெனப் புத்தாடை தைக்க அளவு கொடுக்கையில், மின்னா நாற்காலியிலிருந்து விழுந்து காலை முறித்துக் கொண்டார். வேறொருவராயின் படுக்கையில் கிடந்திருப்பர். மின்னாவோ தூக்கிச் செல்லும் படுக்கையில் அரங்கினுள் சென்று தம் இடத்தில் அமர்ந்தார். மறுநாள் பத்திரிகைகள் மக்களைக் கொண்டாடின. 1925இலும் 1928இலும் மேலும் இரு நாடகங்கள் வெற்றி கண்டன. 1929இல் அவர்களின் முதற் பேசும் படம் வெளிவந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ஒருநாள், ஜெப்போவின் வீட்டில் குடும்பத்தோடு விருந்துண்டு, மேசைப்பந்தும் ஆடி மகிழ்ந்து திரும்புகையில், மின்னா நோயுற்றுக் காலமானார். எழுத்தாளர் அலெக்சாந்தர் வுல்காட் அவரைக் குறித்து ஓர் இரங்கற் கட்டுரை எழுதினார். சில வாரங்களில் பங்குச் சந்தை சரிந்தது; மக்களில் சிலர் சேமிப்பை இழந்தனர். அத்துயரைக் காணாமலே தாய் கண் மூடினார்.

கல்வி என்னும் கேள்வி

இத்தாயைப் புகழும் நாம் ஒன்றை மறைக்கலாகாது. ஹார்போ இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். க்ரௌச்சோ மருத்துவராக விரும்பியவர். வீட்டு நிலையால் சிறு வயதிலேயே சம்பாதிக்கச் சென்றார். இழந்த படிப்பின் ஏக்கம் அவரை விட்டு நீங்கவே இல்லை. வாழ்நாள் முழுதும் நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். அவருடைய கடிதங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்தது. அது பெருமைதான், எனினும் படித்திருந்தால் என்னவாகியிருப்பேன் என்ற வினா அவருள் இருந்திருக்கும் அன்றோ?

மெட்ரிகுலேஷனோடு படிப்பு முடிந்து எழுத்தர் வேலையில் அமர்ந்த நம் போன்றோர்க்கு இவ்வினா புதியதன்று. நம் குடியேறிய குடும்பங்களில் நிலைமை நேர்மாறு. படிப்பு, தேர்வு, உத்தியோகம் என்று பிள்ளைகளைத் துரத்துகிறோம். பாட்டியின் பாட்டையோ தாத்தாவின் தொழிலையோ பிள்ளை கேட்டால், பாடத்தைப் படி என்று அதட்டுகிறோம். மின்னா குலக்கலையைக் காத்தார், கல்வியைக் கைவிட்டார். நாம் கல்வியைக் காத்து, குலக்கலையைக் கைவிடுகிறோம். இரண்டையும் ஒருங்கே காக்கும் வழியை நம் தலைமுறை காண வேண்டும். மின்னாவுக்கில்லாத வசதி நமக்கு உண்டு: பிள்ளைகள் பள்ளிக்கும் போகலாம், மாலையில் பாட்டியிடமும் போகலாம்.

பேரப்பிள்ளைகளின் கடன்

ஹார்போ 1933ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் நாட்டில் நடிக்கச் செல்லும் வழியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இறங்கினார். யூதர் கடைகளின் சன்னல்களில் நட்சத்திரக் குறியும், 'யூதன்' என்ற எழுத்தும் தீட்டப்பட்டிருந்தன. அதனைக் கண்டு உள்ளம் நொந்து உடனே அந்நாட்டை விட்டு அகன்றார். தாயின் தாய்நாடு அவருக்கு அந்நியமாயிற்று. டோர்னுமின் யூதக் குடும்பங்களும் நாஜிகள் ஆட்சியில் இல்லாதொழிந்தன. க்ரௌச்சோ 1958இல் தாயின் ஊரைத் தேடிச் சென்று பார்த்து வந்தார். 1841இல் கட்டிய ஜெபக்கூடம் மட்டும் அழிவுக்குத் தப்பி நின்றது. இன்று அது நினைவிடமாக விளங்குகிறது.

ஹார்போ தாம் எடுத்து வளர்த்த மகளுக்கு மின்னி என்று தாயின் பெயரை இட்டார். க்ரௌச்சோவின் மகன் ஆர்தர் எழுத்தாளர். பாட்டி மறைந்தபோது எட்டு வயதுச் சிறுவர். அவர் மற்றோர் எழுத்தாளருடன் சேர்ந்து பாட்டியின் வாழ்வை 'மின்னியின் பிள்ளைகள்' என்னும் பொருள்பட இசை நாடகமாக எழுதினார். அது 1970இல் பிராட்வேயில் அரங்கேறிற்று. மக்களைத் திரைமறைவில் நின்று இயக்கிய தாயை, பேரன் மேடையின் நடுவே நிறுத்தி விளக்கொளி பாய்ச்சினார். பேரப்பிள்ளை ஒருவன் பாட்டிக்குச் செய்யக்கூடிய கடன் இதனினும் வேறு உண்டோ?

அன்பர்களே! நம் வீட்டுப் பாட்டியர் இசை நாடகத்தை எதிர்பார்ப்பவரல்லர். அவர்கள் எந்த ஆண்டில் எந்த வண்டியில் இந்நகருக்கு வந்தார்கள், முதல் நாள் எதைச் சமைத்தார்கள், கடையில் உப்பு என்பதை எந்தச் சைகையால் கேட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலே போதும். அவர்கள் அறிந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் கைவேலையையும் கைம்மருந்தையும் குறித்து வைத்தால் இன்னும் நன்று. பெரும்பாலான குறிப்புகளில் 'இன்னாரின் தாயார்' என்று மட்டுமே எழுதப்படும் அவர்களின் சொந்தப் பெயரையும் தலைப்பில் எழுதுங்கள். நம் சங்க நூலகத்தில் அத்தகைய நோட்டுப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்குவது இயலாத செயலன்று.

ஃபானியின் யாழ் நரம்பற்றுக் கிடந்தபோது அதனைப் பழைய மரமென்று அடுப்பில் வைக்காத ஒரு மகள் இருந்தாள். அதனால் உலகுக்கு ஒரு ஹார்போ கிடைத்தார். நம் வீடுகளின் மூலையில் என்ன சாத்தப்பட்டிருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பார்ப்போமாக.